குளத்துக் கையும் ஆற்றுச் சால்மனும்: ஃப்ளை தூண்டில் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

தக்கை கட்டிய தூண்டிலில் மீன் பிடித்து வளர்ந்த ஒருவர் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுக்குச் சால்மன் பிடிக்கப் போனால், அவருடைய பழகிய கையே அவருக்கு முதல் இடைஞ்சலாக வந்து நிற்கும். குழித்துறைத் தாமிரபரணிக் கரையில் எனக்குத் தூண்டில் போடக் கற்றுத்தந்த பாட்டா, "தக்கை முங்குனா யோசிக்கப்புடாது மக்கா, உடனே சுண்டிரணும்" என்று சொல்லிச் சொல்லி அதை என் கையில் ஏற்றிவிட்டார். கெண்டைக்கும் விராலுக்கும் அந்தப் பாடம் சரியாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வட கடலின் எண்ணெய் மேடையில் வேலை பார்த்துக்கொண்டு, கரைக்கு வரும் விடுப்பு நாட்களில் அபர்தீனிலிருந்து ஆறுகளைத் தேடிப் போன காலத்தில், அதே பாடம்தான் என் முதல் சால்மனை இழக்க வைத்தது. படிக்கவும் வேலைக்கும் அங்கே போகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் சிலர், நண்பர்கள் அழைக்க, எஸ்டேட் ஆறுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் ஊரிலிருக்கும்போதே எதைப் பழகிக்கொள்ளலாம், அங்கே போனபின் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஃப்ளை என்பது முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலையும் மெல்லிய உலோக இழையையும் கட்டிச் செய்யும் பொய்யிரை. நம் கடற்கரைக்கு இது முற்றிலும் புதிதன்று. இரை குத்தாத முள்ளில் பளபளக்கும் நூலைக் கட்டி அயிலையை ஏமாற்றும் வழக்கம் நம்மவர்களுக்கும் உண்டு. வேறுபாடு எறியும் முறையில் இருக்கிறது. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் முன்னே போக, நரம்பு அதன் பின்னே இழுபட்டுப் போகிறது. ஃப்ளைக்கோ கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். ஆகவே இங்கே கனம் முழுவதும் கயிற்றில் இருக்கிறது. ஐந்தாம் எண் கயிறு என்று கடையில் விற்பதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம் எடை கொண்டது. அந்த எடை காற்றில் விரிந்து நீளும்போது கம்பை வளைக்கிறது; வளைந்த கம்பு நிமிரும்போது கயிற்றை முன்னே தள்ளுகிறது; கயிறு போகும் இடத்துக்கு ஃப்ளை கூடவே போகிறது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு எறியும் கலையில் பாதி வந்துவிட்டதென்றே சொல்வேன்.

மீனைப் பற்றியும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். நம் மீன்கடைகளில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்கப்படும் காலா வேறு குடும்பத்து மீன். அட்லாண்டிக் சால்மனுக்கும் அதற்கும் உறவில்லை. அட்லாண்டிக் சால்மன் ஆற்றின் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிலிருந்து வெளிவந்து, சில ஆண்டுகள் ஆற்றிலேயே வளர்ந்து, பிறகு கடலுக்கு இறங்கி, கிரீன்லாந்து வரைக்கும் போய் மேய்ந்து கொழுத்து, முட்டையிடுவதற்காகப் பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகிறது. அப்படித் திரும்பி நன்னீருக்குள் ஏறிய சால்மன் இரை தின்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே மாதக்கணக்கில் ஆற்றில் காத்திருக்கிறது. பசியில்லாத மீனை இரையால் பிடிக்க முயல்கிறோம் என்பதுதான் சால்மன் தூண்டிலின் விந்தை. எரிச்சலாலோ, சிறு வயதில் ஆற்றில் தின்ற பழக்கத்தின் மிச்சத்தாலோ, முன்னே நீந்திப் போகும் ஒன்றை அது சில வேளை வாயால் பற்றிக்கொள்கிறது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட்டோ நாள் முழுவதும் மேயும் மீன். பழுப்பு டிரவுட் ஆற்றிலும் ஏரியிலுமே வாழ்கிறது. அதே இனத்தில் சில மட்டும் கடலுக்குப் போய்த் திரும்பிவரும்போது அவற்றைக் கடல் டிரவுட் என்கிறார்கள். சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் ஒரே கம்பை எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் மீனின் பசியைப் பற்றி யோசிக்காதவர்கள்.

எஸ்டேட் என்றதும் நமக்குக் குலசேகரத்துப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் நினைவுக்கு வரும். அங்கே எஸ்டேட் என்பது பல்லாயிரம் ஏக்கர் மலையும் சதுப்பும் ஏரியும் ஆறும் ஓர் உரிமையாளரிடம் இருக்கும் நிலம். மான் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அதை வாடகைக்கு விடுகிறார்கள். நம்மூர்க் குளத்தின் மீன்பாசி ஏலத்தை எடுத்தவர் இருக்க, வேறொருவர் அதில் தூண்டில் போட முடியாதல்லவா, அதைப்போலவே அங்கே சால்மன் பிடிக்கும் உரிமை ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிறது. இங்கிலாந்தில் தேவைப்படும் அரசுத் தூண்டில் உரிமம் ஸ்காட்லாந்தில் இல்லை. ஆனால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம். ஆற்றைப் பீட் என்னும் துண்டுகளாகப் பிரித்து, நாள்தோறும் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். கூட வருபவருக்குக் கில்லி என்று பெயர். பையன், ஏவலாள் என்ற பொருளுள்ள கேலிக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சொல்லின் பொருளைப் பார்த்து அவரை வேலையாளாக நடத்திவிடாதீர்கள். அந்த ஆற்றில் நாற்பது ஆண்டுகள் நின்ற ஒருவர் காட்டும் ஒரு பாறை, நீங்கள் கொண்டுபோகும் எல்லாக் கருவிகளையும்விட மதிப்புள்ளது. வாரக் கடைசியில் அவர் கையில் அன்பளிப்பு வைப்பது அங்கே வழக்கம்.

பருவம் ஆற்றுக்கு ஆறு வேறுபடும். டே ஆறு ஜனவரி 15 அன்று திறக்கிறது. டீ ஆறு பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 15 வரை. ஸ்பே ஆறு பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. பழுப்பு டிரவுட்டுக்கு ஸ்காட்லாந்து முழுவதும் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. ஞாயிற்றுக்கிழமையில் சால்மனும் கடல் டிரவுட்டும் பிடிக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஞாயிறன்று வள்ளம் இறக்காத நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாக இராது. ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மன் ஒவ்வொன்றையும் உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும். ஆண்டுதோறும் ஆறுகளைத் தரம்பிரித்து, மூன்றாம் தரத்து ஆறுகளில் ஆண்டு முழுவதுமே விடச் சொல்கிறார்கள். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002 முதல் தடை. இந்தச் சட்டங்களைத் தொல்லையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக 2023 டிசம்பரில் உலகச் செம்பட்டியல் அறிவித்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும், தூண்டிலில் பிடிபடும் சால்மன் பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்று ஆற்றுக்கே திரும்புகின்றன.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எஸ்டேட்டிலேயே பெரும்பாலும் இரவல் கிடைக்கும். டிரவுட்டுக்கு ஒரு கையால் எறியும் 9 அடிக் கம்பும் ஐந்தாம் அல்லது ஆறாம் எண் மிதக்கும் கயிறும் போதும். பெரிய ஆற்றுச் சால்மனுக்கு இரு கைகளாலும் பிடிக்கும் 13 முதல் 15 அடிக் கம்பு வேண்டும். சிற்றாறுகளுக்கு அதைவிடக் குட்டையானது நல்லது. கயிற்றின் நுனியில், போகப்போக மெலியும் நைலான் நரம்பு ஒன்பது அடி இருக்க வேண்டும். அதன் கடைசிப் பகுதி டிரவுட்டுக்கு 4 முதல் 6 பவுண்டும், சால்மனுக்கு 10 முதல் 15 பவுண்டும் தாங்குவதாக இருக்கட்டும். முடிச்சு விஷயத்தில் நம் மீனவர்களிடம் கற்றவருக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்றாலும் ஒன்றை வலியுறுத்துவேன். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் செலுத்தியபின், இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே நலிந்துவிடுகிறது. நனைத்து மெல்ல இறுக்கினால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அடுக்கி உட்காருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படி உட்காராத முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள்.

ஃப்ளைகளின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. சால்மனுக்குக் கறுப்பு மயிரும் வெள்ளி இழையுமாக இருக்கும் ஸ்டோட்ஸ் டெயில், ஆரஞ்சு நிறத்து ஆலிஸ் ஷ்ரிம்ப், மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் கலந்த வில்லி கன் ஆகியவற்றை இரண்டு மூன்று அளவுகளில் வைத்திருந்தால் ஒரு வாரத்தை ஓட்டலாம். டிரவுட்டுக்குக் கேட் மெக்லாரன், பிளாக் பென்னல், கிரீன்வெல்ஸ் குளோரி. கடைசியில் சொன்னது 1854-இல் ட்வீட் ஆற்றங்கரையில் வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியாருக்காக ஜேம்ஸ் ரைட் கட்டிக்கொடுத்தது. இன்றும் மீன் அதை ஏற்றுக்கொள்கிறது.

எறிவதற்கு வருவோம், ஊரிலேயே கற்றுக்கொள்ளக்கூடியது இது. கும்பப்பூ அறுவடை முடிந்து நாஞ்சில்நாட்டு வயல்கள் காய்ந்து கிடக்கும் நாட்களில் ஆளில்லாத வெளி வேண்டிய மட்டும் கிடைக்கும் என்றாலும், அரிதாள் கயிற்றின் மேற்பூச்சைக் கீறிவிடும். புல் முளைத்த பள்ளிக்கூட மைதானம் நல்லது. முள்ளைக் கட்டாதீர்கள், நரம்பின் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றை 30 அடி முன்னே நேராக விரித்துவிட்டு, கட்டைவிரல் கம்பின் மேல்பக்கம் இருக்கும்படி பிடித்து, கம்பு நுனியைத் தரையருகே தாழ்த்தி நில்லுங்கள். கயிற்றில் தொய்வு சிறிதும் இருக்கக்கூடாது. மெதுவாக உயர்த்தத் தொடங்கி, போகப்போக வேகம் கூட்டி, தலைக்கு நேர் மேலே 12 மணி என்று கொண்டால் 1 மணி இருக்கும் இடத்தில் கம்பைச் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தியபின் ஒன்றும் செய்யாதீர்கள். கயிறு உங்கள் தலையைத் தாண்டி ஒரு வளைவாகப் பின்னே உருண்டு, விரிந்து, நேராகும்வரை கை காத்திருக்க வேண்டும். நேரானதும் அது கம்பை மெல்லப் பின்னிழுப்பது உள்ளங்கையில் தெரியும். அந்த இழுப்பு வந்தபின் முன்னே வேகம் கூட்டிக் கொண்டுவந்து 10 மணிக்கு நிறுத்துங்கள். கயிறு முன்னே விரிந்து விழும்போது கம்பையும் அதோடு தாழ்த்துங்கள்.

காத்திருக்காமல் முன்னே இழுப்பவர் எவர் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பின்னால் சாட்டை வெடிப்பதுபோல் 'சடக்' என்று ஒலிக்கும். முள் கட்டியிருந்தால் அந்த ஒலியோடு ஃப்ளை அறுந்து போயிருக்கும். தூண்டில் போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இந்தக் காத்திருப்புத்தான் கடினம், ஏனென்றால் கனத்தை எறிபவருக்குப் பின்னால் நடப்பதைப் பற்றிக் கவலையில்லை. முதல் பத்து நாட்கள் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பின்னே விரியும் கயிற்றைப் பாருங்கள்; பிறகு தோளே நேரத்தை அறிந்துகொள்ளும். தூரத்தை விரும்பி வலுவைக் கூட்டுவதும் இன்னொரு பிழை. கயிறு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு நரம்பில் சிறு முடிச்சுகள் விழத் தொடங்கினால், வலுவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பழகுவதைவிட நாளுக்குக் கால் மணி நேரம் பழகுவது நல்ல பயன் தரும்.

மைதானத்தில் நேராக எறிய வந்துவிட்டால் காற்றைத் தேடிப் போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் அங்கே நின்று பழகியவருக்கு ஸ்காட்லாந்தின் மலைக்காற்று புதிதாக இராது. வலக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று ஆபத்தானது, முள் நேரே காதுக்கும் கண்ணுக்கும் வரும். அப்போது கம்பை இடத்தோளின் மேலாகக் கொண்டுபோய் எறியக் கற்றுக்கொள்ள வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ஒருநாளும் எறியாதீர்கள், முள் இல்லாத பழக்கத்தின்போதுகூட.

பின்னே இடமில்லாத கரைகளுக்கு உருட்டி எறிதல் என்னும் வேறு முறை இருக்கிறது, அதற்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். தென்னையும் ரப்பரும் கரையோடு சாய்ந்து நிற்கும் குழித்துறை ஆறு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். நீர்மேல் கிடக்கும் கயிற்றை மெல்ல இழுத்து, கம்பைத் தோளுக்குச் சற்றுப் பின்னே சாய்த்து, கயிறு கம்பு நுனியிலிருந்து ஆங்கில எழுத்து 'டி' போல வயிறு விட்டுத் தொங்கும்வரை நிறுத்தி, பிறகு முன்னே அறைந்து நிறுத்தினால், கயிறு சக்கரம்போல் நீரின்மேல் உருண்டு போய் நீளும். நுனி நீரில் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் கம்புக்கு வளைய ஒரு பிடி கிடைக்கிறது. தரையில் இது வராததற்குக் காரணம் அதுவே. இதே பிடிமானத்தைப் பெரிதாக்கி, இரு கைக் கம்பால், கயிற்றை ஒரு பக்கமாக நீரைத் தொடவைத்துத் திசைமாற்றி எறிவதே ஸ்பே எறிதல். மரமும் மேட்டுக்கரையும் பின்னே நெருங்கும் ஸ்பே ஆற்றின் பெயரால் வழங்குகிறது. இரு கைக் கம்பில் மேல்கை வழிகாட்ட, கீழ்க்கை வயிற்றை நோக்கி இழுப்பதே வேலை செய்கிறது. மேல்கையால் தள்ளுபவர்கள் மாலைக்குள் தோள் வலியோடு திரும்புவார்கள். ஏலத்தில் போன குளமாக இருந்தால் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பழகுங்கள். முள்ளில்லாத கயிற்றைக் காட்டினால் எவரும் மறுத்து நான் கண்டதில்லை.

இனி ஆற்றை வாசிப்பது. சால்மன் ஆற்றில் எங்கும் இருக்கும் என்று நினைத்து எறிபவர் நாள் முழுவதும் வெற்று நீரை நனைப்பார். ஆழமான கசத்தின் நடுப்பகுதியை விடுங்கள். கசம் முடிந்து நீர் மேலேறி மெலியத் தொடங்கும் வால்பகுதி, பெரும்பாறையின் முன்னும் பக்கமும், வேகமான ஓட்டமும் மந்தமான நீரும் உரசும் கோடு ஆகியவற்றில் கண்ணை வையுங்கள். இடுப்பளவிலிருந்து ஆளுயரம்வரை ஆழமும், மனிதர் நடக்கும் அளவு வேகமும் உள்ள நீர் சால்மனுக்குப் பிடித்தது. மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் கலக்குமிடத்தில் நின்று, எந்த நீர் எதன்மேல் ஏறுகிறது, நுரை எந்தக் கோட்டில் போகிறது என்று அரைமணி நேரம் பார்த்திருந்தால் இதற்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

மலைநாட்டுச் சிற்றாறுகள் மழையை நம்பி இருப்பவை. மழை பெய்து ஆறு உயரும்போது கீழேயிருந்து சால்மன் ஏறிவருகிறது. நீர் உச்சம் தொட்டு, கலங்கல் தெளிந்து, வடியத் தொடங்கும் சில மணி நேரங்களே பொன்னான பொழுது. சதுப்பின் கரிமண் கலந்த நீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும்; அதைக் கலங்கல் என்று தவறாக எண்ணாதீர்கள், கண்ணாடி தம்ளரில் எடுத்தால் மறுபக்கம் தெரியுமாறு தெளிந்தே இருக்கும். நீரின் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இருந்தால் மூழ்கும் கயிறும் பெரிய ஃப்ளையும் மெதுவான ஓட்டமும், மேலே போனால் மிதக்கும் கயிறும் சிறிய ஃப்ளையும் என்பது பழைய விதி, இன்றும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நீர் 20 பாகையை நெருங்கும் கோடை நாட்களில் தூண்டிலை மடித்து வைத்துவிட வேண்டும், அந்த வெப்பத்தில் களைத்த மீன் விட்டாலும் பிழைப்பது அரிது.

பீட்டின் மேல்முனையில் தொடங்கி, எதிர்க்கரையை நோக்கி, ஓட்டத்தின் போக்கில் 45 பாகை சாய்வாக எறியுங்கள். கயிறு விழுந்ததும் அதன் நடுவயிற்றைக் கம்பு நுனியால் ஒருமுறை மேல்நீர்ப் பக்கம் தூக்கி வையுங்கள். ஓட்டம் கயிற்றை வளைத்து ஃப்ளையை வேகமாக இழுத்துவிடாமல் இருப்பதற்காக. பிறகு கம்பு நுனியை ஃப்ளையின் பின்னாலேயே மெல்லத் திருப்பிவாருங்கள். அது அரைவட்டமாக ஆற்றைக் கடந்து உங்கள் கரைப்பக்கம் வந்து தொங்கும். சில நொடிகள் தொங்கவிட்டு, சிறிது இழுத்து, ஓர் அடி கீழே நகர்ந்து, மறுபடி எறியுங்கள். இப்படி நாள் முழுவதும் எறிந்தும் ஒன்றும் நடக்காமல் போகலாம், பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் போகும். ஒவ்வொரு எறிதலிலும் கம்புக்கும் கயிற்றைச் சுற்றிவைக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு முழம் கயிற்றை வளையமாக விரலில் தளர்த்திப் பிடித்திருங்கள்.

அந்த வளையத்துக்குக் காரணம் என் முதல் சால்மன். ஜூன் மாதத்து மாலை, நீர் வடிந்துகொண்டிருந்தது. கயிறு ஆற்றைப் பாதி கடந்த இடத்தில் பாசியில் மாட்டியதுபோல் நின்றது. பிறகு விரலடியில் மெல்லக் கனத்தது. பாட்டா சொன்னபடி நான் சுண்டினேன். ஃப்ளை காற்றில் எகிறித் தோளருகே வந்து விழ, அது இருந்த இடத்தில் ஒரு பெருஞ்சுழி மெதுவாகத் திரும்பி அடங்கியது. மேல்நீரில் நிற்கும் நாம் இழுத்தால், கீழே நம்மை நோக்கி முகம் வைத்திருக்கும் மீனின் திறந்த வாயிலிருந்து முள் நேராக வெளியே வந்துவிடும். சால்மன் ஃப்ளையைப் பற்றி, வாயை மூடி, தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போகும். அந்தத் திருப்பம்தான் நரம்பை இழுத்து முள்ளை அதன் கடைவாயில் பதிக்கிறது. விரலில் இருக்கும் வளையம் அது திரும்புவதற்கான அவகாசம். கூட இருந்த முதிய கில்லி கரையிலிருந்த கல்லில் உட்கார்ந்து, யார் இப்படிச் சுண்டக் கற்றுத்தந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். "அடுத்த முறை கயிறு நிற்கும்போது உங்கள் பாட்டாவின் முழுப் பெயரையும் மனத்துக்குள் சொல்லி முடித்துவிட்டுக் கம்பைத் தூக்குங்கள்" என்றார். என் பாட்டாவின் பெயர் நீளமானது. இரண்டு கோடைகளுக்குப் பிறகு அதைச் சொல்லி முடித்துக் கம்பைத் தூக்கியபோது மறுமுனையில் உயிர் இருந்தது.

டிரவுட்டில் பாட்டாவின் பாடம் மீண்டும் சரியாகிவிடும். அது ஃப்ளையை வாயில் வாங்கி, உணவல்ல என்று கண்டதும் துப்பிவிடும். உடனே மணிக்கட்டால் மெல்லத் தூக்க வேண்டும். மழைக்குப்பின் ஈசல் குளத்தில் விழும்போது கெண்டைகள் வட்டம் வட்டமாக மேலே வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே நீரிலேயே வளர்ந்து இறகு முளைத்து மேலே வரும் பூச்சிகளுக்கு டிரவுட் அப்படி எழும். எழும் மீனுக்குக் கீழ்நீரில், பின்புறமாக நின்று, அதற்கு இரண்டு மூன்று அடி மேல்நீரில், மிதக்கும் ஃப்ளையை விழவைத்து, ஓட்டத்தின் வேகத்திலேயே இழுபடாமல் வரவிடுங்கள். ஏரியில் படகைக் காற்றுக்குக் குறுக்கே மிதக்கவிட்டு, ஒரே நரம்பில் மூன்று ஃப்ளைகள் கட்டி, குறுகிய கயிறாக முன்னே எறிந்து, மேலுள்ள ஃப்ளை அலைநுனியில் தத்தி வரும்படி கம்பை உயர்த்துவார்கள். கற்றுக்கொள்பவருக்கு ஏரிதான் நல்ல தொடக்கம் என்பது என் கருத்து, மீன் சிறிதென்றாலும் நாளுக்குப் பலமுறை கை பழகும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நீலகிரி இருக்கிறது. அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கிய டிரவுட் குஞ்சுப் பண்ணையால் அந்த மலை நீர்நிலைகளில் வானவில் டிரவுட் வாழ்கிறது. அனுமதி நடைமுறையைப் போகுமுன் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மாட்டிய மீனோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓடும்போது ஓடவிட்டு, நிற்கும்போது பக்கவாட்டில் கம்பைச் சாய்த்து இழுங்கள். துள்ளும்போது நுனியைத் தாழ்த்தி நரம்புக்குத் தளர்வு கொடுங்கள். 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண், ஃப்ளையால் அல்லாமல் இரை மீனால், 64 பவுண்டு சால்மனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடிப் பிடித்தார். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மனில் அதுவே இன்றுவரை பெரியது. விடப்போகும் மீனை இன்று அவ்வளவு நேரம் களைப்பாக்கக்கூடாது. முள்ளின் பின்னோக்கிய சிறு கூரைக் குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். முடிச்சில்லாத வலையில் நீருக்குள்ளேயே வாங்கி, கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, ஒரு கையால் வால் அடியையும் மறுகையால் வயிற்றையும் தாங்கி, தலை மேல்நீரைப் பார்க்கும்படி பிடித்திருங்கள். செவுள் மூடித்திறப்பது முதலில் விரைவாகவும் ஒழுங்கற்றும் இருக்கும், பிறகு சீராகும், வால் அடி உங்கள் விரல்களுக்குள் ஒருமுறை இறுகும். மீன் தானே உந்திப் புறப்படும்வரை கையை எடுக்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் அந்த நிலையிலேயே நீருக்குள் எடுங்கள்.

ஆற்றுக்குள் இறங்கும்போது நம்மவர்கள் அலட்சியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கையில். அந்தக் குளிரில் நீச்சல் சில நிமிடங்களே உதவும். இடுப்புப் பட்டையை இறுக்கி, மிதவை உடுப்பு அணிந்து, கைத்தடியை மேல்நீர்ப் பக்கம் ஊன்றி, பக்கவாட்டில் காலைத் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் கீழ்நீரைப் பார்க்க மிதந்து ஆழமற்ற இடத்தில் கரையேறுங்கள். பல எஸ்டேட்டுகளில் கைபேசிக்குத் தொடர்பு கிடையாது. எந்தப் பீட்டுக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். கோடையில் மிட்ஜ் என்னும் மிகச் சிறிய கடிபூச்சிகள் காற்றடங்கிய மாலையில் மேகமாக வரும், முகவலை வேண்டும். புல்லில் நடந்து திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். லைம் நோய் அதனால் பரவுகிறது.

வேறு நாட்டு ஆற்றில் நனைந்த எதையும் அப்படியே இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகக்கூடாது. கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி நார்வேயின் பல ஆறுகளில் சால்மனை ஏறத்தாழ இல்லாமலாக்கியது. பிரிட்டனுக்குள் அது இன்னும் வரவில்லை, வராமலிருப்பது தூண்டில்காரர்களின் கையில் இருக்கிறது. காலணி, வலை, கயிறு எல்லாவற்றையும் கிருமிநாசினியில் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிட்டபின்பே மூட்டை கட்டுங்கள். ஊருக்கு வந்ததும் சுருளை நன்னீரில் கழுவி எண்ணெய் தொட்டு வையுங்கள், நம் கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. கயிற்றைச் சுருளில் இறுக்கிச் சுற்றி வைத்தால் அடுத்த ஆண்டு கம்பிச் சுருள்போல் வரும். தளர்ந்த பெரிய வளையங்களாகச் சுவரில் தொங்கவிடுங்கள். ஃப்ளைப் பெட்டியை மூடுமுன் இறகுகள் காய்ந்துவிட்டனவா என்று விரலால் தடவிப் பார்த்து, ஓரத்தில் ஓர் அந்துருண்டையும் போட்டு வையுங்கள்.